நொச்சிக்கரட்டில் கேட்ட உத்தரவு

நாற்பத்தோரு கோழிக் கொட்டகைகளும் ஒரு கோயிலும் உள்ள நொச்சிக்கரட்டில் இது நடந்தது என்பதில் சொல்பவர்களுக்குள் வேறுபாடில்லை. எந்த ஆண்டு என்பதில்தான் வேறுபாடு. கரட்டுக்கு மேற்கே இருப்பவர்கள் கிணறுகள் வற்றிய ஆண்டு என்பார்கள். கிழக்கே இருப்பவர்கள் தீவன விலை ஏறிய ஆண்டு என்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் பூக்கட்டும் பெண்களோ, துளசிமணியின் புருசனுக்குக் கை நடுங்கத் தொடங்கிய நான்காம் ஆண்டு என்பார்கள். மூன்றும் ஒரே ஆண்டாக இருக்கலாம். ஆனாலும் பூக்கட்டுபவர்கள் சொல்வதே கதைக்கு நெருக்கமானது, ஏனென்றால் கதை அந்தக் கையில்தான் போய் முடியவிருந்தது.

ஊர் அம்மனுக்கு நொச்சியாத்தா என்று பெயர். ஆண்டுக்கொரு முறை வைகாசியில், உச்சிப்பொழுதில், அவளுக்கு ஒரு கிடாய் வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன் மஞ்சள் நீரைக் கிடாயின் பிடரியிலிருந்து வால்வரை ஊற்றிவிட்டு ஊரே மூச்சடக்கிக் காத்திருக்கும். கிடாய் உடம்பை உதறிச் சிலுப்பினால் ஆத்தாள் உத்தரவு கொடுத்துவிட்டாள், கிடாயும் சம்மதித்துவிட்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்பது முறை. அவிழ்த்துவிட்டதாக யாருக்கும் நினைவில்லை. முதல் குடத்துக்குச் சிலுப்பாதது இரண்டாம் குடத்துக்குச் சிலுப்பும், காதுக்குள் நீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும், அதைச் சம்மதமென்று சிரிக்காமல் ஏற்றுக்கொள்ள ஊர் பழகியிருந்தது.

துளசிமணி பதினோரு ஆண்டுகள் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவள். முட்டைக்கோழிக் குஞ்சுகளில் சேவலைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. முட்டையும் இடாது கறியும் வைக்காது என்று பிறந்த அன்றே சாவுக்கூடையில் விழுந்தவை அவை. ஒரு நாள் பாதிக் கூடையில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு குஞ்சு அவள் உள்ளங்கையை விட்டு இறங்க மறுத்தது என்று சொல்வோர் உண்டு. எதுவும் நடக்கவில்லை, கை தானாக நின்றுபோயிற்று என்று சொல்வோரும் உண்டு. அதன்பின் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் ஒரு துணிப்பையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பையில் கடலைப்பால் உறையூற்றிக் கடைந்த மோர் இருக்கும், மடித்த துண்டறிக்கைகள் இருக்கும். கூண்டுக் கோழிக்கு விரித்த செய்தித்தாளில் பாதிகூட இடமில்லை என்பாள். சூட்டுக்கத்தியில் அலகைத் தீய்ப்பது எப்படி என்று தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டிச் சொல்வாள். பாலும் முட்டையும் கறியும் இல்லாமல் எதையெதைச் சமைக்கலாம் என்று அடுப்படிக்கே வந்து காட்டுவாள். எல்லாரும் மிக நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். அதுதான் அவளுடைய கஷ்டம். மோரைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பாவாயியின் கோழிக்கடையில் வரிசையில் நின்றார்கள்.

பாவாயியும் மோர் குடித்தவள்தான். "நல்லாத்தான் இருக்குது துளசி. இதுல ஊற வெச்சாக் கறி சீக்கிரம் வேகுமா?" என்று கேட்டாள்.

"வேகும்க்கா. ஊற வெச்சவங்க மனசும் வேகும்."

"என்ற மனசு எப்பவோ வெந்து போச்சு, போ."

கிராம சபை கூடிய நாளில் துளசிமணிக்கு அந்த யோசனை வந்தது. எழுந்து நின்று, நிதானமாகக் கேட்டாள். "ஆத்தா முன்னால ஒரு கிடாய வெட்டறதுக்கு ஊரே நின்னு உத்தரவு கேக்கறோம். பாவாயக்கா கடையில ஒரு நாளைக்கு நூறு உசுரு போகுது. அங்க ஏன் கேக்கறதில்ல? அங்க ஆத்தாளுக்குக் கண்ணு தெரியாதுங்களா?"

கூட்டம் சிரித்தது. பதினாறு கொட்டகைகளுக்குச் சொந்தக்காரரான குழந்தைவேல் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மிணி சொல்றது ஞாயந்தான். ஒரு சொம்பு தண்ணி. கேட்டுட்டாப் போகுது."

நனைந்த கோழி எப்படியும் உதறும் என்பது அவர் எண்ணம். உதறுவதற்காகக் காத்து நிற்கும் நேரத்தில் மனிதன் அந்தக் கோழியைப் பார்த்துத்தானே ஆகவேண்டும், பார்த்தால் போதும் என்பது அவள் எண்ணம். இருவரும் மற்றவரை ஏமாற்றிவிட்டதாக நம்பினார்கள். பேச்சு மாறாமலிருக்கக் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும் என்றாள் அவள். சத்தியமென்றால் இரண்டு பக்கமும் கட்டவேண்டும் என்றார் அவர்; கோழி சம்மதித்த பிறகும் இவள் கடைவாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா. ஆகவே சத்தியம் இரண்டு பாதியாக அமைந்தது: நொச்சிக்கரட்டில் எந்த உயிரையும் கேட்காமல் வெட்டுவதில்லை, உத்தரவு வந்தபின் அதை மறுப்பதும் இல்லை. இரண்டாம் பாதியைத் துளசிமணி யோசிக்கவில்லை. முதல் பாதி கிடைத்த மகிழ்ச்சியில், ஊரில் எல்லாருக்கும் முன்னதாகக் கற்பூரத்தின்மேல் கை வைத்தவள் அவள்தான். கதையை எந்தத் தெருவில் கேட்டாலும் இந்த இடம் மாறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வரிசையில் முதலில் நின்றவர் ரேஷன் கடைப் பழனியப்பன். பாவாயி கூண்டிலிருந்து ஒரு கோழியைத் தூக்கித் தராசில் நிறுத்தி, சொம்பு நீரைத் தெளித்தாள். கோழி அசையவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பழனியப்பனைப் பார்த்தது. இரண்டாம் முறை தெளித்தாள், மூன்றாம் முறை சொம்பையே கவிழ்த்தாள். அப்போது பழனியப்பனின் பிடரி சிலிர்த்தது, தோள் உதறியது, உதறல் முதுகில் இறங்கி, இடுப்பில் இறங்கி, தொடையில் இறங்கி, கிடாய் எப்படிச் சிலுப்புமோ அப்படியே அவர் சிலுப்பி நின்றார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உத்தரவு உங்களுக்கு வந்திருக்குதுங்கண்ணா. தோலோட வேணுங்களா, உரிச்சா?"

வரிசை வயிறு குலுங்கச் சிரித்தது. இரண்டாம் ஆளும் சிலுப்பியபோது சிரித்தது, ஐந்தாம் ஆளுக்கும் சிரித்தது. பத்தாம் ஆள் சிலுப்பியபோது சிரிப்பதற்குப் பின்னால் சிலரே இருந்தார்கள். உச்சிக்குள் இருபத்துமூன்று பேர் சிலுப்பியிருந்தார்கள், ஒரு கோழியும் சிலுப்பவில்லை. பாவாயி கோழிகளைக் கூண்டில் விட்டுக் கடையைச் சாத்தினாள்.

செவ்வாயன்று குழந்தைவேலின் கொட்டகைக்குக் கோழி ஏற்ற லாரி வந்தது. சத்தியத்தை மீற அஞ்சி, அவர் ரப்பர் குழாயால் மூவாயிரம் கோழிகளின்மேலும் நீர் பீய்ச்சினார். மூவாயிரம் சிலுப்பும் ஊரின் கொட்டகைகளால் பிழைக்கும் அறுநூறு பேரின்மேல் பங்காகி விழுந்தன. டீக்கடையில் டம்ளர்கள் விழுந்தன, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் பிள்ளைகளும் ஐந்தைந்து முறை சிலுப்பினார்கள், கிணற்றுமேட்டில் நீர் இறைத்தவன் கயிற்றை விட்டான், தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை ஒன்று பிஞ்சுத் தோளை உதறியது. துளசிமணியோடு வீடு வீடாக நடந்த மூன்று பெண்களும்கூடச் சிலுப்பினார்கள். ஒருத்தியின் மகன் கொட்டகையில் சம்பளம் வாங்குபவன், மற்ற இருவர் தீவன மூட்டை தைப்பவர்கள். ஊரில் சிலுப்பாதவள் துளசிமணி ஒருத்தி. அவள் புருசன் செங்கோடனைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. முட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவனுக்கு நடுக்குவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. வலக்கையும் தலையும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. அவன் எப்போது சிலுப்பினான், எப்போது சும்மா இருந்தான் என்று பிரிக்க வழியில்லை.

லாரி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. அன்றுதான் ஊருக்குச் சத்தியத்தின் இரண்டாம் பாதி, உத்தரவு வந்தபின் மறுப்பதில்லை என்பது, நினைவுக்கு வந்தது.

யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பேருந்தில் ஏறும்போதும், பந்தியில் உட்காரும்போதும், ஒருவர் பிடரியை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். சித்திரை வெயிலில் ஆண்கள் கம்பளி போர்த்திக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் அரைஞாணில் கல்லைக் கட்டி, கல் இருந்தால் உடம்பு உதறாது என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். காய்ச்சல் கண்டு குளிரில் நடுங்கியவனை வீட்டாரே அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். தலையைத் துவட்டுபவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு துவட்டினார்கள். கொல்லையில் கேட்காமலே ஒரு சேவலை அறுத்த ஒருவர் மூன்று நாள் இடைவிடாமல் சிலுப்பி, நான்காம் நாள் வண்டியில் ஏற்றிப் போகப்பட்டார். தெற்கு வளவில் அவர் பிழைத்து வேறு ஊரில் இருப்பதாகச் சொல்கிறார்கள், வடக்கு வளவில் அவர் பேரையே சொல்வதில்லை. ஊர் பயறுக்கு மாறியது. கொட்டகைகளில் கோழிகள் பருத்து, கால் மடங்கி, தம் எடையைத் தாமே தாங்கமாட்டாமல் உட்கார்ந்திருக்க, துளசிமணியும் மூன்று பெண்களும் கூண்டுகளைத் திறந்து, கால் ஊன்றுபவற்றைக் கரட்டுப்பக்கம் ஓட்டிவிட்டு, ஊன்றாதவற்றின் வாயில் நீர் விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. அவள் வந்தால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் கொடுத்த துண்டறிக்கையை மந்திரித்த தாயத்தைப்போல் வாங்கி மடியில் செருகினார்கள்.

பாவாயி கடையைத் திறந்து தராசில் மொச்சையும் தட்டைப்பயறும் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டது கெடச்சிருச்சு துளசி."

"கெடச்சிருச்சுங்க்கா."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"எல்லாரும் பயந்துட்டுத் திங்கறாங்க."

"கோழியும் பயந்துட்டேதான் தின்னுச்சு," என்றாள் பாவாயி, தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வைகாசி நெருங்கியது. கிடாய் வெட்டாமல் விட்டால் ஆத்தாள் சும்மா இருப்பாளா என்ற பயம் ஒரு பக்கம். நீரை ஊற்றினால் உத்தரவு யார் உடம்பில் இறங்குமோ என்ற பயம் மறு பக்கம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஊர் கூடிப் பேசியது. துளசிமணியை அழைக்கவில்லை. பேசி முடித்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், புது வேட்டி துண்டு எல்லாம் வைத்த தாம்பாளத்தோடு குழந்தைவேலும் பூசாரி மாரப்பனும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். தாம்பாளத்தைத் துளசிமணியிடம் தராமல் செங்கோடனிடம் நீட்டினார்கள்.

"இந்த வருசம் முதல் மரியாத உங்களுக்குத்தானுங்க," என்றார் பூசாரி.

"எனக்கா? நாலு வருசமா என்னை ஒரு விசேசத்துக்கும் யாரும் கூப்பிடல. கொழம்பு ஊத்தினா எல எல்லாம் சிந்திடும்னு," என்றான் செங்கோடன். தாம்பாளம் அவன் கையில் ஏறியதும் தேங்காய் உருண்டு கிடுகிடுவென்று ஓசையிட்டது. வந்தவர்கள் அந்த ஓசையை நிம்மதியோடு கேட்டார்கள்.

"மரியாதைன்னா என்னங்க பண்ணோணும்?" துளசிமணி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் அம்மிணி. கிடாய்க்குப் பக்கத்துல மால போட்டுட்டு நின்னாப் போதும். உத்தரவு ஒருத்தர்கிட்ட ஏற்கெனவே இருக்கறப்ப, அது வேற ஆளத் தேடி வராதில்ல?"

"வந்தா?"

குழந்தைவேல் தாம்பாளத்து வேட்டியின் கரையை நீவிவிட்டார். பிறகு, சந்தை நிலவரம் பேசும் குரலில் சொன்னார். "இன்னொன்னும் இருக்குது. அருவாளப் புடிக்கற கை சிலுப்பாத கையா இருக்கோணும். பூசாரி கை ஆடிருச்சு. என்ற கை ஆடிருச்சு. ஊருல உன்ற கை ஒண்ணுதான் மிச்சம்."

"நான் ஒரு உசுரையும் வெட்ட மாட்டேனுங்க."

"கற்பூரத்து மேல மொதல்ல கை வெச்சது நீதான் அம்மிணி. உத்தரவு வந்தா மறுக்கறதில்லைன்னு."

அவர்கள் போனபின் செங்கோடன் புது வேட்டியை முகர்ந்து பார்த்தான். துளசிமணி கதவைச் சாத்தினாள்.

"மாமா, எங்கயாச்சும் போயிரலாம்."

"பஸ் ஸ்டாப்புல அஞ்சு பேரு காலையில இருந்தே உக்காந்திருக்கறாங்க புள்ள. ஒருத்தனும் பஸ் ஏறல."

அன்று முதல் பத்து நாளும் அந்த வீட்டுக்குப் பலகாரம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் பணியாரம், ஒரு வீட்டிலிருந்து எள்ளுருண்டை, ஒரு வீட்டிலிருந்து உளுந்தங்களி. கொண்டுவந்தவர்கள் செங்கோடன் சாப்பிடும்வரை நின்று பார்த்தார்கள். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டார்கள். உடம்பு தேறிவிட்டது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை ஊர் இப்படித்தான் ஆண்டு முழுதும் வளர்க்கும் என்பது துளசிமணிக்குத் தெரியும். ஒருத்தி போகும்போது, தூசு தட்டுபவளைப்போல் அவன் பிடரியில் கை வைத்து, சதையை லேசாக அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த விரல்களை அடையாளம் தெரிந்தது துளசிமணிக்கு. குஞ்சுப் பண்ணையில் பதினோரு ஆண்டுகள் அவளுடைய விரல்கள் அப்படித்தான் பார்த்தன.

திருவிழா நாளின் உச்சிப்பொழுதில் கோயில் முன் ஊர் முழுதும் நின்றது. அரைஞாணில் கல் கட்டியவர்களும், கம்பளி போர்த்தியவர்களும், தூணோடு தம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். நடுவில் ஒரு மாலையோடு கறுப்புக் கிடாய் நின்றது. ஒரு மாலையோடு செங்கோடன் நின்றான். அவன் கை ஆடியதில் மாலையின் அரளிப்பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கிடாய் அவற்றைத் தின்ன வாயைக் கொண்டுபோக, அரளி ஆகாது என்று ஆடாத கையால் அதன் முகத்தை மெல்லத் திருப்பிவிட்டான். பூசாரி அரிவாளைத் துளசிமணியின் கையில் வைத்தார். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாங்காமல் இருந்திருந்தால் அது வேறு யார் கைக்குப் போகும் என்று அவள் யோசித்துப் பார்த்திருந்தாள். தன் கையில் இருக்கும்வரை அது யார்மேலும் இறங்காது என்று வாங்கிக்கொண்டாள்.

முதல் குடம் கவிழ்ந்தது. மஞ்சள் நீர் கிடாயின் பிடரியிலிருந்து வால்வரை ஓடி மண்ணில் சொட்டியது. கிடாய் நின்றது. அறுநூறு பேரும் பற்களைக் கடித்து, நகங்களை உள்ளங்கையில் குத்தி, இமைக்காமல் நின்றார்கள். இரண்டாம் குடம் கவிழ்ந்தது. கிடாய் நின்றது. அறுநூறு பேரின் கண்களும் கிடாயை விட்டுச் செங்கோடன்மேல் வந்து அமர்ந்தன. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான், என்றும்போல், காலையில் பல் விளக்கும்போது நடுங்குவதைப்போல், அவளுக்குப் பூ வைத்துவிடும்போது நடுங்குவதைப்போல்.

"உத்தரவு ஆயிருச்சு," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் தணிந்து சொன்னது. இன்னொரு குரல் அதையே சொன்னது. பூசாரி துளசிமணியைப் பார்த்தார். குழந்தைவேல் தரையைப் பார்த்தார்.

"இன்னொரு குடம் ஊத்துங்க," என்றாள் துளசிமணி.

மூன்றாம் குடத்தைத் தூக்கினார்கள். வீடு வீடாக ஏறி இறங்கியவள், ஆயிரமாயிரம் குஞ்சுகளைக் கூடையில் போட்ட கையைக் கழுவிவிட்டு வந்தவள், எந்த உயிரும் சாகச் சம்மதிப்பதில்லை என்று எல்லா வாசலிலும் நின்று சொன்னவள், அந்தக் கிடாயின் ஈரமான காதுகளைப் பார்த்து மனத்துக்குள் கெஞ்சினாள். சிலுப்பு, கண்ணு. ஒரே ஒரு தடவ சிலுப்பிரு. நீ சிலுப்பினா அவரு பொழச்சுக்குவாரு. வாழ்நாளில் முதன்முறையாக அவள் ஓர் உயிரின் சாவை முழு மனத்தோடு விரும்பினாள். அப்படி விரும்புவது எவ்வளவு எளிது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. கிடாய் தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது.

நீர் விழுந்தது. துளசிமணியின் பிடரி சிலிர்த்தது.

தோள் உதறியது, முதுகு உதறியது, ஊரில் யாரும் அதுவரை சிலுப்பாத அளவுக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை அவள் சிலுப்பினாள். அரிவாள் கையிலிருந்து நழுவி, மஞ்சள் நீர் தேங்கிய மண்ணில் விழுந்தது. அது விழுந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது. குனிந்து எடுக்க ஊரில் ஒரு கை மிச்சமில்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

முதலில் பேசியவள் பாவாயி. "வா துளசி," என்றாள். "இவ்வளவு நாளும் எங்க இருந்த?"

கிடாயின் கயிற்றை அவிழ்த்தது யார் என்பதில் கதை பலவாகப் பிரிகிறது. செங்கோடன் அவிழ்த்தான், அந்த விரல்களுக்கு முடிச்சோடு அரை நாழிகை ஆயிற்று, ஊர் அசையாமல் காத்திருந்தது என்பதே பலர் சொல்வது.

அரிவாள் விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. அதன்மேல் கோவைக்கொடி படர்ந்திருக்கிறது என்றும், ஒரு கொடியும் அதன் பக்கம் போவதில்லை என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள். ஊர் பயறு தின்கிறது. நெடுஞ்சாலையில் வேற்றூர்க் கோழி லாரி போகும்போது டீக்கடையில் டம்ளர்கள் ஆடுகின்றன. இப்போது துளசிமணியும் சிலுப்புகிறாள். செங்கோடன் தன் ஆடும் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான், லாரி தாண்டும்வரை இரண்டு கைகளும் ஒன்றாக ஆடுகின்றன. சத்தியத்தின் இரண்டாம் பாதியை யாரும் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற வேண்டுமானால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்ல யாருக்கும் தைரியமில்லை. சிலுப்பாத கை ஒன்று வெளியூரிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது ஊருக்குத் தெரியும்.

அதனால் புதுமணப்பெண் வந்தாலும், புது வாத்தியார் குடிவந்தாலும், வாசலில் முதலில் போய் நிற்பவள் துளசிமணிதான். துணிப்பையைத் திறந்து கடலைப்பால் மோரை டம்ளரில் ஊற்றி நீட்டுகிறாள். துண்டறிக்கையில் உள்ளதை முன்போல் பேசுவதில்லை. வாங்குகிற கையை மட்டும் பார்க்கிறாள், மோர் தளும்புகிறதா என்று.